பூவார் வரை ஒரு டெஸ்ட் டிரைவ்

நான் வேலை பார்த்த ஷோரூம் அமரவிளையைத் தாண்டி ஹைவே ஓரத்தில் இருந்தது. ஒரு ஜப்பான் கம்பெனியின் கார்களை விற்றோம். என் வீடு இஞ்சிவிளைப் பக்கம். கொஞ்சம் நடந்தால் தமிழ்நாடு வந்துவிடும். வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் மலையாளமுமாக வளர்ந்தவள் என்பதால் அந்த வேலை எனக்குச் சுலபமாகக் கிடைத்தது. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறவர் முதலில் சொல்லும் வார்த்தையைப் பிடித்து, அவருடைய பேச்சிலேயே பதில் சொல்லிவிடுவேன்.

சேர்ந்த புதிதில் கம்பெனியின் கதையை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். "டிஸ்கவுண்ட் எல்லாக் கடையிலயும் குடுப்பான். கதை நமக்குத்தான் உண்டு" என்பார் எங்கள் மேனேஜர். தச்சர் வீட்டுப் பையன் ஒருவன் தன் அம்மா தறியில் கிடந்து படும் பாட்டைப் பார்த்துப் புதிய தறி ஒன்றைச் செய்கிறான். வளர்ந்து பெரிய தறிக் கம்பெனி நடத்துகிறான். அவனுடைய மகன் கார் செய்ய ஆசைப்படுகிறான். நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் பாலராமபுரத்துத் தறியைப் பார்க்காதவர்கள் குறைவு. அதனால் அந்த இடம் வரும்போது எல்லோரும் காது கொடுப்பார்கள். பிறகு அந்த வண்டிகள் பாலைவனத்தில் ஓடுவதைப் பற்றிக் கொஞ்சம், டாக்சிக்காரர்களின் அனுபவம் கொஞ்சம். அதற்குள் வாடிக்கையாளர் ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்திருப்பார்.

எங்கள் விற்பனையில் பாதி கல்யாணத்துக்குப் போகிற வண்டிகள். யாரும் அதை வரதட்சணை என்று சொல்ல மாட்டார்கள். "மோளுக்கு ஒரு வண்டி" என்பார்கள். ரிப்பன் கட்டிய காரின் முன்னால் நின்று, அட்டையில் செய்த பெரிய சாவியைப் பெண்ணின் அப்பா மாப்பிள்ளையின் கையில் கொடுப்பார். போட்டோ எடுப்பது என் வேலை.

அன்று மத்தியானம் வெயில் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவருக்கு அறுபதை ஒட்டிய வயது. கை மடித்த வெள்ளைச் சட்டை. முழங்கைக்குக் கீழே தோல் காய்ந்து கறுத்திருந்தது. அந்த அம்மா ஒரு பெரிய துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். கணவர் காரைச் சுற்றி வந்தார். எல்லோரும் முதலில் தொடுகிற இடங்களை அவர் தொடவில்லை. குனிந்து அடிப்பாகத்தைப் பார்த்தார். பானெட்டைத் திறக்கச் சொல்லி, உள்ளே கையை விடாமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

நான் கதையைத் தொடங்கினேன். பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, "நீ சொல்லுதது அவன் வண்டி உண்டாக்கின கதை மக்கா. நான் ஓட்டின கதை ஒண்ணு உண்டு" என்றார். கல்ஃபில் பாலைவனத்து வேலையிடங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் டிரைவராக இருந்தாராம். இதே கம்பெனியின் வெள்ளை பிக்கப் வண்டி. "மணல் காத்து அடிச்சா ரோடும் இல்ல, வானமும் இல்ல. பயந்து போவோம். ஆனா சாவியத் திருப்பினா ஸ்டார்ட் ஆகாத நாளு கெடையாது. மொதலாளியை நம்பினதில்ல, ஏஜென்ட்டை நம்பினதில்ல. அந்த வண்டிய நம்பினேன் ஆக்கும்."

இப்படிப் பேசுகிறவர் வாங்குவார் என்று என் மனது கணக்குப் போட்டது. "சார், ஒரு டெஸ்ட் டிரைவ் பாத்துருவோமா?" என்றேன். அந்த அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் கவனித்தேன். விலையை நினைத்துப் பயப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் டெஸ்ட் டிரைவுக்கு வழக்கமான பாதை உண்டு. ஹைவேயில் பாறசாலை வரை போய், அங்கே திரும்பி வர வேண்டும். அவர் ஓட்டினார், நான் பக்கத்தில் இருந்தேன், அந்த அம்மா பையோடு பின்னால். வேகம் பிடித்ததும் நாலு கதவும் தானாகப் பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. வழக்கமாக அதைச் சுட்டிக்காட்டிப் பெருமையாகப் பேசுவேன். அன்றும் பேசினேன்.

உதியன்குளங்கரையில் வலது பக்கம் இண்டிகேட்டர் போட்டார்.

"சார், நேரே போகணும்."

"கொஞ்சம் மோசமான ரோட்டில ஓட்டிப் பாக்கணும் மக்கா."

அப்படிக் கேட்பவர்கள் உண்டு. சரி என்று விட்டுவிட்டேன். ரோடு ஒடுங்கியது. செங்கல் என்ற ஊர் வந்தது. திரும்புவதற்கு வசதியான இடங்களைக் காட்டிக்கொண்டே வந்தேன். ஒவ்வொன்றையும் அவர் கடந்து போனார். கண்ணாடியில் அந்த அம்மாவைப் பார்த்தேன். உதடு அசைந்துகொண்டிருந்தது, சாமியைக் கூப்பிடுகிறார் என்று தெரிந்தது. கார் கடத்துகிற கூட்டத்தைப் பற்றி மேனேஜர் சொன்னதெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. பூட்டிய கதவின் கைப்பிடியில் என் விரல் போய் நின்றது.

"வண்டிய நிறுத்துங்க. இல்லைன்னா நான் போன் பண்ணுவேன்."

அவர் உடனே ஓரம் கட்டி நிறுத்தினார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பின்னாலிருந்து அந்த அம்மாதான் பேசினார். "எனக்க மோளைக் கொண்டுவரப் போறோம் பிள்ளே."

பூவாருக்குப் பக்கத்தில் மகளைக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லித்தான் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள். நிச்சயத்துக்குப் பிறகு, "அவளுக்கு ஏறிப் போக ஒரு வண்டி" என்றார்கள். எந்தக் கம்பெனி என்பதையும் அவர்களே சொன்னார்கள். இவரும் சரி என்றார். கல்யாணத்துக்கு முன்பே கல்ஃபில் வேலை போய்விட்டது. வண்டி கொடுக்க முடியவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டுக் கேட் இவர்களுக்குத் திறக்கவில்லை. வாசலில் நின்றபடியே "வண்டி எங்க?" என்று கேட்டு அனுப்பிவிடுவார்களாம். மகளின் போனையும் வாங்கி வைத்துவிட்டார்கள். குழந்தை பிறந்த பிறகு ஆஸ்பத்திரியில் கொஞ்ச நேரம் பார்த்ததோடு சரி. போன வாரம் பக்கத்து வீட்டுக்காரியின் போனிலிருந்து மகள் கூப்பிட்டிருக்கிறாள். "அப்பா, என்னைக் கொண்டு போங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

"ஸ்டேஷனில சொல்லலையா?"

"போனோம். அவங்க அங்க போன்ல விளிச்சுக் கேட்டாங்க. எனக்கு ஒண்ணுமில்ல, சுகமா இருக்கேன்னு மோளே சொன்னா. பக்கத்தில அவன் நிக்கும்போ வேற என்ன சொல்லுவா?" என்றார் அந்த அம்மா.

"இதை முதல்லயே என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

அவருடைய கணவர் என்னைப் பார்த்தார். "சொன்னா வண்டி தருவியா மக்கா?"

தந்திருக்க மாட்டேன்.

"வண்டி இல்லாம அந்தக் கேட்டு தொறக்காது. பாக்கதுக்கு வண்டி கொண்டு வாறேன், பிடிச்ச கலர் சொல்லுங்கன்னு அவன்கிட்டச் சொல்லியிருக்கேன். நீ இஞ்ச எறங்கணும்னா எறங்கிக்கோ. ஆட்டோவில கேத்தி விடுதேன். வண்டிய சாயங்காலம் கொண்டு நிறுத்துவேன். எனக்க மோளாண சத்தியம்."

அந்த நேரத்தில் மேனேஜரின் போன் வந்தது. எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். என் கையிலிருக்கும் வண்டியை இன்னொருவரிடம் விட்டுவிட்டு நான் எப்படி இறங்க முடியும்? முதலில் எனக்குத் தோன்றியது இந்த வேலை பயம்தான். அதற்குப் பிறகுதான் அந்தப் பெண். "கஸ்டமருக்கு வேற ரோட்டில ஓட்டிப் பாக்கணுமாம் சார், கொஞ்சம் லேட் ஆகும்" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. போனை சைலண்டில் போட்டேன்.

"போங்க மாமா" என்றேன். அதுவரை சார் என்று கூப்பிட்டு வந்தவரை மாமா என்று கூப்பிட்டதை அப்புறம்தான் உணர்ந்தேன்.

அந்த வீடு ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, தென்னைகளுக்கு நடுவில் இருந்தது. தகரம் அடித்த உயரமான கேட். அவர் ஹார்ன் அடித்தார். கேட்டின் இடுக்கில் ஒரு பெண்ணின் முகம் தெரிந்து மறைந்தது. பிறகு இரண்டு கதவுகளும் விரியத் திறந்தன. பின்சீட்டில் அந்த அம்மா ஒரு பெருமூச்சை விழுங்கியது எனக்குக் கேட்டது.

மணல் முற்றம். ஒரு பக்கம் உரிக்காத தேங்காய் குவிந்து கிடந்தது. இன்னொரு பக்கம் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. கேட்டைத் திறந்தவள்தான் மாமியார். இடுப்பில் குழந்தை. கால் முழுக்க ஈர மணல். மாப்பிள்ளை பனியனும் கைலியுமாக வாசலில் வந்து நின்று, வண்டியைப் பார்த்ததும் சிரித்தான். நல்ல சிரிப்பு. வெளியே எங்காவது பார்த்திருந்தால் மரியாதையான பையன் என்று நினைத்திருப்பேன். அவனுக்குப் பின்னால், கம்பிக் கதவுக்கு உள்ளே, ஒரு பெண் நைட்டியில் நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. வண்டியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கொள்ளாமே மாமா" என்று மெச்சிக்கொண்டே மாப்பிள்ளை இறங்கி வந்தான். டயரைத் தட்டினான். "டாப் மாடல் தானே?"

"அதுதான் மாப்பிள. ஷோரூமில இருந்து ஆளே வந்திருக்கு. கேக்க வேண்டியத எல்லாம் கேளுங்க" என்று அவர் என்னைக் காட்டினார்.

என் வேலை அங்கே தொடங்கியது. மைலேஜ் சொன்னேன். ஏர்பேக் சொன்னேன். அந்த அம்மா, "கொஞ்சம் தண்ணி குடிக்கணும்" என்று சொல்லிக்கொண்டு படியேறி மகளோடு உள்ளே போனார். மாமியார் உடனே அந்தப் பக்கம் திரும்பினாள்.

மாப்பிள்ளை கேட்டான். "கொரியாக்காரன் இதே வெலைக்குச் சன்ரூஃப் தாறான். இதில அப்படி என்ன உண்டு?"

"கதை ஒண்ணு சொல்லட்டா?" என்றேன்.

ஷோரூமில் சீக்கிரம் முடிந்துவிடும் கதையை அந்த முற்றத்தில் இழுத்து இழுத்துச் சொன்னேன். தச்சர் வீட்டைச் சொன்னேன். நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும் தறியை அந்தப் பையன் கண்டுபிடித்ததைச் சொன்னேன். அதுவரை ஒரு நூல் அறுந்ததை யாரும் கவனிக்காவிட்டால் நெய்கிற துணி முழுக்கப் பாழ். மகன் முதலில் செய்த லாரிகள் வழியில் நின்றுபோனபோது, கம்பெனிக்காரர்களே போய்ப் பழுது பார்த்துக் கொடுத்ததைச் சொன்னேன். வீட்டின் ஜன்னலுக்குள் இரண்டு தலைகள் நெருங்கி நிற்பது தெரிந்தது. மகள் வேகமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள், மாட்டேன் என்பதுபோல.

"அங்கின என்ன பேச்சு? தண்ணி குடிக்க இவ்வளவு நேரமா?" என்று மாமியார் படியை நோக்கி ஒரு அடி வைத்தாள்.

"அம்மா, இதைக் கேளுங்க" என்று குரலை உயர்த்தினேன். "இந்தக் கம்பெனியோட பேரு முதல்ல இப்படி இல்லை, தெரியுமா? குடும்பப் பேருதான் வச்சிருந்தாங்க. அப்புறம் ராசி பார்த்து மாத்தினாங்க."

அவள் நின்றாள். "ஜப்பானிலயா? அவங்க ராசி பாப்பாங்களா?"

"பின்னே! அவங்க எழுத்தில புதுப் பேரை எழுதினா எட்டு கோடுதான் வரும். எட்டு அவங்களுக்கு நல்ல எண். அதுக்குப் பிறகுதான் உலகம் முழுக்க விற்பனை."

"நமக்கு எட்டு ஆகாதே" என்றாள் மாமியார்.

"வண்டி நம்பரை நாமதான் கூட்டிப் பாத்து எடுக்கலாமே அம்மா. உங்களுக்கு எது ராசி?"

அவள் என் பக்கம் வந்துவிட்டாள். தனக்கு ஐந்து, மகனுக்கு மூன்று என்று சொல்லத் தொடங்கினாள். பெண்ணின் அப்பா காரின் அந்தப் பக்கம் நின்று துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

நான் தொழிற்சாலையைப் பற்றிப் பேசினேன். வண்டிகள் வரிசையாக நகர்ந்து வரும்போது தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடும். ஏதாவது தப்பு என்று பட்டால், எவ்வளவு சின்ன ஆளாக இருந்தாலும் அதை இழுக்கலாம். வேலை நிற்கும். ஏன் இழுத்தாய் என்று யாரும் திட்ட மாட்டார்கள்.

"அது நல்ல ஏற்பாடு" என்றான் மாப்பிள்ளை, உண்மையாகவே ரசித்து.

அம்மாவும் மகளும் வெளியே வந்தார்கள். மகளின் கையில் ஒன்றுமில்லை. முகத்தை மட்டும் கழுவியிருந்தாள். படியில் நின்று, மாமியாரின் இடுப்பிலிருந்த குழந்தையையே பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. குழந்தை அவளிடம் இல்லாமல் அவள் ஒரு அடிகூட நகர மாட்டாள்.

பின் கதவைத் திறந்தேன். "பிள்ளைக்குத் தனி சீட்டு மாட்ட இங்கே கொக்கி உண்டு. அம்மாவும் பிள்ளையும் உக்காந்து பாத்தாத்தான் இடம் பத்துமான்னு தெரியும். கொஞ்சம் பிள்ளையை அக்காகிட்டக் குடுங்க."

மாமியார் தயங்கினாள். "நானே இருந்து காட்டுதேன்."

"நீங்க முன்னால இருக்கணும் அம்மா. அதுதான் நல்ல சீட்டு, ஏசி நேரா வரும். ஆனா..." நான் அவளுடைய காலைப் பார்த்தேன். "கார்ப்பெட் புதுசு. மண்ணு பட்டா எங்க சார் என்னைத் திட்டுவார்."

அவள் தன் காலைப் பார்த்தாள். கூச்சம் வந்தது. குழந்தையை மருமகளிடம் நீட்டிவிட்டு, வீட்டின் பக்கவாட்டில் இருந்த குழாயை நோக்கி நடந்தாள்.

மகள் குழந்தையோடு ஏறினாள். அவளுடைய அம்மா மறுபக்கமாக ஏறினார்.

"நான் ஓட்டிப் பாக்கேன்" என்றான் மாப்பிள்ளை. மாமாவின் கையிலிருந்து சாவியை வாங்கப் போனான். அவர் சாவியை விடவில்லை.

"தாராளமா சார்" என்றேன். "லைசென்ஸ் மட்டும் காட்டுங்க. பார்க்காம குடுத்தா என் வேலை போயிரும்."

"இஞ்ச நம்ம முற்றத்திலயா?"

"ரோட்டில இறக்கித்தானே பாப்பீங்க? ரோடெல்லாம் போலீஸ் கேமரா உண்டே சார்."

அவன் சலித்துக்கொண்டு உள்ளே போனான். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மாமா சீட்டில் ஏறி பட்டனை அழுத்தினார். அந்த வண்டிக்கு அவ்வளவாகச் சத்தம் கிடையாது. ஓடத் தொடங்கியதே தெரியாது. அதைத்தான் ஓராண்டாக எல்லோரிடமும் சொல்லி விற்றுக்கொண்டிருந்தேன். ஆனால் ரிவர்ஸ் போட்டதும் பீப் பீப் என்று அது கத்தத் தொடங்கியது.

நான் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்துவதற்குள் மாப்பிள்ளை லைசென்ஸோடு வாசலுக்கு வந்துவிட்டான். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவனோ, தனக்கு வசதியாக மாமா வண்டியைத் திருப்பி நிறுத்துகிறார் என்று நினைத்தான் போலிருக்கிறது. கையை ஆட்டி, "வாங்க, வாங்க, இடது பக்கமா ஒடிங்க. அங்கின தேங்கா கெடக்கு, பைய" என்று வழி காட்டினான். சக்கரத்தில் ஒரு தேங்காய் மாட்டிக் கரகரத்தது. அவர் கண்ணாடியை மட்டும் பார்த்தபடி கேட்டைத் தாண்டிப் பின்னால் போனார். வண்டி ரோட்டில் இறங்கி நேராகத் திரும்பியது.

அவன் கையைத் தூக்கியபடியே நின்றதைக் கடைசியாகப் பார்த்தேன்.

பிறகு மகள், "அப்பா, சீக்கிரம் போங்க" என்றாள். அப்போதுதான் அவளுடைய குரலை முதலில் கேட்டேன்.

"வேகம் வேண்டாம். பிள்ள உண்டு வண்டியில" என்றார் அவர். வளைவுகளில் ஒரே சீராக எடுத்துப் போனார். எதிரே ஒரு பஸ் வந்து, ஒடுங்கிய இடத்தில் இரண்டு வண்டியும் முகத்தோடு முகம் நின்றபோதுதான் பின்னால் பைக் சத்தம் கேட்டது.

துரத்தி வந்த மாப்பிள்ளை பைக்கை விட்டிறங்கி என் பக்கக் கண்ணாடியில் அடித்தான். ஒரு கையால் அடித்துக்கொண்டு இன்னொரு கையால் கைப்பிடியை இழுத்தான். கதவுகள் பூட்டியிருந்தன. "எறங்குலே! எறங்கச் சொல்லு அவளை!" குழந்தை அலறியது. மகள் அதன் காதைப் பொத்திக் குனிந்துகொண்டாள். அவளுடைய அம்மா அவள் மேல் சாய்ந்து மறைத்துக்கொண்டார். பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்தச் சிரித்த முகத்தை இப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம், என் முகத்துக்கு அவ்வளவு அருகே பார்த்தபோது, இவ்வளவு நாள் அவள் இதைக் கண்ணாடி இல்லாமல் பார்த்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

பஸ் டிரைவர் என்ன புரிந்துகொண்டாரோ, வண்டியைப் பின்னால் எடுத்து எங்களுக்கு வழி விட்டார். நாங்கள் கடந்ததும் மறுபடி முன்னால் வந்து ரோட்டை அடைத்து நின்றார்.

"வீட்டுக்குப் போவோம்" என்றார் பின்னாலிருந்து அந்த அம்மா.

"வேண்டாம்" என்றேன். "வீட்டுக்குப் போனா அவர் அங்க வருவார். பெண்ணைக் கடத்திட்டாங்கன்னு முதல்ல போய்ச் சொல்லிருவார். நேரே ஸ்டேஷனுக்கு விடுங்க மாமா. இவங்களே சொல்லட்டும்."

அவர் கண்ணாடியில் மகளைப் பார்த்தார். "சொல்லுவியா மோளே?"

ஹைவே ஏறிய பிறகுதான், "சொல்லுதேன்" என்றாள்.

ஸ்டேஷனில் ஒரு பெண் போலீஸ் அவளைத் தனியாக உள் அறைக்கு அழைத்துப் போனார். நாங்கள் வெளியே பெஞ்சில் இருந்தோம். குழந்தை பாட்டியின் மடியில் தூங்கிவிட்டது. அந்தத் துணிப்பையில் என்ன இருந்தது என்று அப்போதுதான் பார்த்தேன்: குழந்தைக்குப் பால் பாட்டில், சின்னச் சட்டைகள், மகளுக்கு ஒரு சுடிதார். மாப்பிள்ளையும் வந்தான். சட்டை போட்டு, தலை சீவி, இரண்டு ஆட்களோடு. மறுபடி அதே மரியாதையான முகம். மாமனார் ஆள் வைத்துப் பெண்ணைக் கொண்டுபோய்விட்டதாக அமைதியாக எடுத்துச் சொன்னான். என்னைக் காட்டி, இவளும் அந்தக் கூட்டம் என்றான்.

உள்ளேயிருந்து அவள் வந்தாள். சுடிதார் மாற்றியிருக்கவில்லை, அதே நைட்டி, மேலே அம்மாவின் துண்டு. அவனைப் பார்க்காமல் அதிகாரியைப் பார்த்துச் சொன்னாள்.

"என்னை ஆரும் கடத்தல. நானாக்கும் வண்டியில கேறினது. எனக்க பிள்ளையையும் நானாக்கும் எடுத்தது. இனி நான் அங்க போகமாட்டேன்."

அவன் ஏதோ சொல்ல வாய் திறந்தான். அந்தப் பெண் போலீஸ் அவனைக் கையமர்த்தினார். நானும் பார்த்ததை எல்லாம் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

வண்டியை ஷோரூமில் சேர்த்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. நான் வேண்டாம் என்றும் கேட்காமல் மாமாவே ஓட்டி வந்தார். மேனேஜர் வாசலிலேயே நின்றிருந்தார். என்னைப் பார்க்காமல் வண்டியைச் சுற்றி வந்து, பம்பரின் கீழே சிக்கியிருந்த தேங்காய் நாரை இழுத்துப் பார்த்தார். ஒரு கீறலைத் தடவினார்.

"பிழை எனக்குத்தான் சார். இந்தப் பிள்ளை பாவம், அறியாது" என்றார் மாமா.

"அறிஞ்சுதான் போனேன் சார்" என்றேன்.

நடந்தது முழுக்கச் சொன்னேன். மேனேஜர் வண்டியைக் கழுவப் போடச் சொல்லிவிட்டு உள்ளே போனார். மறுநாள் மாப்பிள்ளையின் ஆட்கள் வந்து சத்தம் போட்டார்கள். பாதையை மாற்றியது தன் அனுமதியோடுதான் என்று மேனேஜர் மேலிடத்தில் சொல்லியிருக்கிறார். அதை எனக்கு வேறொருவர்தான் சொன்னார். வேலை போகவில்லை. ஆனால் டெஸ்ட் டிரைவிலிருந்து என்னை எடுத்து, போனில் ஆட்களைக் கூப்பிடும் மேஜையில் போட்டார்கள். நெடுநாள் அங்கேயே இருந்தேன். ஒருவகையில் அது நிம்மதி. அந்த அட்டைச் சாவி போட்டோ எடுக்க வேண்டியதில்லை.

மாமா எப்போதாவது கூப்பிடுவார். வண்டி வாங்க முடியாததற்கு ஒவ்வொரு முறையும் வருத்தம் சொல்வார். நான் சிரித்துவிடுவேன். அவர் இப்போது வாடகை டெம்போ ஒன்று ஓட்டுகிறார், காட்டாக்கடைச் சந்தைக்கு வாழைக்குலை ஏற்றிக்கொண்டு. வழக்கு நடக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் மாட்டிக்கொண்ட மகளின் சான்றிதழ்களைக் கோர்ட் மூலம்தான் திரும்ப வாங்க முடிந்தது. அவள் லேப் டெக்னீஷியன் படித்தவள். நெய்யாற்றின்கரையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்துவிட்டாள்.

ஒருநாள் சாயங்காலம் பாறசாலை பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். நன்றாகச் சதை பிடித்திருந்தாள். குழந்தை நடக்கிறது என்றாள். ரொம்ப நாளாக மனதில் கிடந்ததை அன்று கேட்டேன்.

"அன்னைக்கு ஜன்னலுக்குள்ள நின்னு ஏன் மாட்டேன்னு தலையாட்டினீங்க?"

"என்னைக் கொண்டு போகத்தான் வந்திருக்காங்கன்னு நான் நம்பல" என்றாள். "அம்மா சொல்லுதது எனக்குப் புரியவே இல்ல. கேட்டு தொறந்து வண்டி உள்ள வந்துதே, அதைக் கண்ட உடனே எனக்கு உயிர் போயிட்டு. கூட்டிட்டுப் போங்கன்னு விளிச்சுச் சொன்னேன், அதுக்குப் பதிலா அப்பா எங்கயோ கடன் வாங்கி வண்டிய வாங்கிட்டாருன்னு நெனச்சேன். இனி ஆருகிட்டச் சொல்லுவேன்? கேட்டதைக் குடுத்தாச்சு, இனி உனக்கு என்ன கொறைன்னு எல்லாரும் கேப்பாங்களே."

வெள்ளறடை பஸ் வந்தது. அவள் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாக முன்வாசல் வழியே ஏறினாள்.